கால் உடைந்த பிறகு கோல்ஃப் மைதானத்துக்குத் திரும்புவது எப்படி: பென் ஹோகன் போன வழி

எனக்கு இடுப்பெலும்பும் இடது கணுக்காலும் ஒரே நாளில் உடைந்தன. மழை விட்ட சாலை, முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது, நான் பைக்கோடு சறுக்கிப் போனேன். அறுவை சிகிச்சை முடிந்து, கணுக்காலில் தகடும் திருகுகளுமாக வீட்டுக் கட்டிலில் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "இனிமேல் கோல்ஃப் எல்லாம் வேண்டாம், விட்டுடுங்க." ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துப் புல்லில் ஈரம் காயுமுன் போய் நிற்பது எனக்கு என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. விட முடியாது என்று எனக்குத் தெரியும். எப்படித் திரும்புவது என்பதுதான் தெரியவில்லை.

அந்த மாதங்களில்தான் அமெரிக்கக் கோல்ஃப் வீரர் பென் ஹோகனின் 1949, 1950ஆம் வருடங்களைத் தேதிவாரியாகப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு உடைந்த அதே இரண்டு இடங்கள் அவருக்கும் உடைந்திருந்தன. கூடவே காறை எலும்பும் விலா எலும்பும். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'மன உறுதி' என்ற சொல்லோடு கதையை முடித்துவிடுகிறார்கள். படுத்துக் கிடக்கிறவனுக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த மாதத்தில் என்ன செய்தார், எதைச் செய்யவில்லை, எதை அடியோடு விட்டுவிட்டார் என்று பார்த்தால்தான் வழி தெரிகிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டுச் செலவை எப்படிப் பார்ப்பாரோ, அப்படி அவர் தன் கால்களைப் பார்த்தார். இன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது, இதை எதில் செலவழிப்பது என்ற கணக்கு. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கணக்கைப் போடும் முறைதான்.

அவருக்கு நடந்தது

1949 பிப்ரவரி 2, காலை. ஹோகனுக்கு வயது 36. ஃபீனிக்ஸில் ஒரு போட்டியின் பிளே-ஆஃபில் (சமநிலையில் முடிந்தவர்கள் மறுபடி மோதும் ஆட்டத்தில்) தோற்றுவிட்டு, மனைவி வலேரியோடு டெக்சஸில் ஃபோர்ட்வொர்த் நகரில் இருக்கும் வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். வான் ஹார்ன் என்ற சிற்றூருக்கு அருகே நல்ல பனிமூட்டம். எதிரே ஒரு லாரியை முந்திக்கொண்டு கிரேஹவுண்ட் பேருந்து நேராக இவர் பாதையில் வந்தது. சிறிய பாலம், ஒதுங்க இடமில்லை. மனைவியைக் காப்பாற்ற அவர்மேல் குறுக்கே பாய்ந்தார். மோதிய வேகத்தில் ஸ்டியரிங் தண்டு ஓட்டுநர் இருக்கையைத் துளைத்துக்கொண்டு போனது. அவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

எல் பாசோ மருத்துவமனையில் எலும்புகள் கூடிவந்த நேரத்தில் இன்னொரு ஆபத்து வந்தது. காலில் ரத்தம் உறைந்து கட்டிகள் நுரையீரலுக்குப் போக ஆரம்பித்தன. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆல்டன் ஆக்ஸ்னர் என்ற அறுவை மருத்துவரை விமானத்தில் அழைத்து வந்தார்கள். கால்களிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாயை வயிற்றுக்குள் வைத்தே அவர் கட்டிவிட்டார். உயிர் பிழைத்தது. ஆனால் அதன்பிறகு ஹோகனின் கால் ரத்தம் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் வழியாகச் சுற்றித்தான் மேலே போக வேண்டும். பெரிய சாலையை அடைத்துவிட்டால் வண்டிகள் சந்து சந்தாகப் போவதைப் போல. அதிகம் நின்றாலோ நடந்தாலோ கால் வீங்கும், வலிக்கும். வாழ்நாள் முழுக்க.

இதை நான் விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னதும் 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். ஹோகனுக்கு எலும்பைவிட ரத்தக்குழாய்தான் கடைசிவரை எல்லை போட்டது. உங்களுக்கு எல்லை போடப்போவது எது என்று உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். எனக்கு அது கணுக்கால் மூட்டு. எலும்பு கூடி வெகுநாள் ஆன பிறகும் அது முழுசாக மடங்கவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என்னால் திட்டம் போட முடிந்தது.

கட்டிலில் இருக்கும்போது

பிப்ரவரி 2ஆம் தேதி உள்ளே போனவர் ஏப்ரல் 1ஆம் தேதிதான் வெளியே வந்தார். ஏறக்குறைய இரண்டு மாதம். அந்தக் காலத்தில் எலும்பு முறிந்தவர்களை நீண்ட நாள் அசையாமல் படுக்க வைப்பார்கள். இன்று முடிந்தவரை சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்கிறார்கள், தேவைப்பட்டால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்தும் கொடுக்கிறார்கள். அந்த மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னால், டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் அசையுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காலைவரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹோகனைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது மோதல் மட்டுமில்லை, அதன்பின் வந்த இந்தக் கட்டிகளும்தான்.

அந்த நாட்களில் கோல்ஃப் மட்டையைத் தொட வேண்டாமா? தொடலாம். பழைய அயர்ன் மட்டை (இரும்புத் தலை வைத்தது) ஒன்றைத் தலைமாட்டில் வைத்திருந்தேன். பிடியை மட்டும் பிடித்துப் பிடித்து விடுவேன். கை மறக்காமல் இருக்க அது போதும்.

கூடத்தில் நடை

வீட்டுக்கு வந்த ஹோகன் கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு நாளைக்கு இத்தனை சுற்று என்று கணக்கு வைத்து, அதை மெல்ல மெல்லக் கூட்டினார். சில நாள் கால் வீங்கியது, இரவில் தசை இழுத்துப் பிடித்தது. ஆனாலும் அடுத்த நாள் மறுபடி எழுந்தார்.

நான் இதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பூஜை அறை வாசலிலிருந்து சமையலறை நிலைவரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று. சன்னல் திட்டில் இரண்டு கிண்ணங்கள், ஒன்றில் பத்துப் புளியங்கொட்டை. ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை அடுத்த கிண்ணத்துக்குப் போகும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது மனசு வலியில் இருக்கும், எண்ணிக்கை தப்பிவிடும். கொட்டை தப்பாது. முதல் நாள் மூன்று கொட்டைதான் மாறியது. நான்காவதை எடுக்கக் கை போனது, கால் போகவில்லை.

எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு நான் வைத்துக்கொண்ட விதி இது. தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் ஒன்று வாங்குங்கள். காலையில் எழுந்ததும் கணுக்கால் முட்டிக்கு மேலே சுற்றி அளந்து எழுதுங்கள், இரவு படுக்கப்போகும்போது மறுபடி அளந்து எழுதுங்கள். இரவில் கொஞ்சம் கூடியிருப்பது இயல்பு. மறுநாள் காலை பழைய அளவுக்கு வந்துவிட்டால் நேற்று நடந்தது சரியான அளவு. வரவில்லை என்றால் இன்று அதில் பாதிதான். வலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். உற்சாகமாக இருக்கும் நாளில் வலி தெரியாது, சோர்ந்த நாளில் இல்லாத வலியும் தெரியும்.

ஆட முடியாத நாளிலும் மைதானத்துக்குப் போங்கள்

1949 செப்டம்பரில் இங்கிலாந்தில் கான்டன் மைதானத்தில் ரைடர் கோப்பை, அமெரிக்க அணியும் பிரிட்டன் அணியும் மோதும் போட்டி. ஹோகன் அமெரிக்க அணிக்கு ஆடாத தலைவராகப் போனார். மட்டையைச் சுழற்றும் நிலையில் அவர் இல்லை. ஆனாலும் கடல் கடந்து போனார், அணியை நடத்தினார், அமெரிக்கா 7-5 என்று வென்றது. வீட்டில் இன்னும் நான்கு மாதம் படுத்திருக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

நான் நான்காம் மாதம் கைத்தடியோடு கிளப்புக்குப் போனேன். முதல் அரைமணி நேரம் கஷ்டமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் டிரைவ் (முதல் நீண்ட அடி) அடிக்கும் சத்தம் கேட்டபோது தொண்டையை அடைத்தது. அப்புறம் பட்டிங் கிரீன் (குழியை நோக்கிப் பந்தை உருட்டிப் பழகும் புல்தரை) ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜூனியர் பையன்களுக்கு ஸ்கோர் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆறு மாதம் யாரையும் பார்க்காமல் இருந்துவிட்டு ஒரு நாள் போய் நின்றால், கால் தயாராக இருந்தாலும் நீங்கள் தயாராக இருக்க மாட்டீர்கள்.

மட்டையை எந்த வரிசையில் எடுப்பது

பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டர் முதலில். அதற்கு இடுப்புச் சுழற்சி வேண்டாம், இரண்டு காலிலும் சமமாக நின்றால் போதும். பிறகு கிரீன் ஓரத்துச் சிறு சிப், பந்தைக் கொஞ்சம் தூக்கிப் போடும் அடி. பிறகு பாதி ஸ்விங்கில் (மட்டைச் சுழற்சியில்) ஒன்பதாம் அயர்ன். அதிக தூரம் அடிக்கும் டிரைவர் மட்டை கடைசி. பாதி ஸ்விங்கை மூன்று வாரம் செய்துவிட்டு இன்ச் டேப் சம்மதித்தால்தான் முழு ஸ்விங். ஹோகன் முழு ஆட்டமான 18 ஹோலும் (குழியும்) ஆடிப் பார்த்தது டிசம்பரில், விபத்து நடந்து பத்து மாதம் கழித்து. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே பத்து மாதம் பிடித்தது.

வலது கைக்காரர்களுக்கு அடித்து முடிக்கும்போது உடல் எடை முழுவதும் இடது காலில் இறங்கித் திரும்பும். இடது கணுக்கால் உடைந்தவருக்கு அந்த ஒரு நொடிதான் பயம். ஹோகன் பின்னாளில் கற்றுக்கொடுத்த நிற்கும் முறையில் ஒரு விஷயம் இருக்கிறது: வலது பாதம் நேராக, இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பி இருக்க வேண்டும். அப்படி நின்றால் உடம்பு இலக்குப் பக்கம் திரும்புவது சுலபமாகிறது, கணுக்கால்மேல் முறுக்கு குறைகிறது. நான் அவர் சொன்னதைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாகவே திருப்பி நிற்கிறேன். பந்து முன்பைவிட இருபது கெஜம் குறைவாகப் போகிறது. இரவில் கால் வலிப்பதில்லை. இந்த வியாபாரம் எனக்குச் சம்மதம்.

எதை விடுவது: இதுதான் பெரிய வேலை

விபத்துக்கு முன்னால் ஹோகன் ஓயாமல் ஆடியவர். 1946இல் 13 போட்டிகளை வென்றார், 1948இல் 10. அப்படிப்பட்டவர் திரும்பி வந்தபிறகு என்ன செய்தார் பாருங்கள். 1953இல் அவர் கலந்துகொண்டது ஆறே போட்டிகள். அதில் ஐந்தை வென்றார். அகஸ்டாவில் மாஸ்டர்ஸ், ஓக்மான்ட்டில் யு.எஸ். ஓபன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓபன் ஆகிய மூன்று பெரிய பட்டங்களும் அந்த ஐந்தில் அடக்கம்.

அந்த வருடம் நான்காவது பெரிய போட்டியான பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் அவர் ஆடவில்லை. தேதி பிரிட்டிஷ் ஓபனின் தகுதிச் சுற்றோடு மோதியது. மோதாத வருடங்களிலும் அவர் அதற்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அன்று அது ஆளுக்கு ஆள் மோதும் ஆட்டம். கோப்பையை எடுக்க வேண்டுமென்றால் நாளுக்கு 36 ஹோல் என்று பல நாள் நடக்க வேண்டும். 1946இலும் 1948இலும் அந்தக் கோப்பையைத் தூக்கியவர் அவர். என் கால் இதற்குத் தாங்காது என்று கணக்குப் பார்த்து, விபத்துக்குப் பின் பத்து வருடத்துக்கும் மேல் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு முறை வென்ற ஒன்றை ஒதுக்கிவைப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அவருடைய ஒன்பது பெரிய பட்டங்களில் ஆறு விபத்துக்குப் பிறகு வந்தவை. விட்டதால்தான் அந்த ஆறும் வந்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வருடக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காயத்துக்கு முன் ஒரு வருடத்தில் எத்தனை நாள் ஆடினீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு ஏறக்குறைய எழுபது. அதை நான்கால் வகுங்கள். வரும் எண்தான் உங்கள் முதல் வருடத்துக் கையிருப்பு. இப்போது எந்த நாட்களை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுங்கள். மேடு பள்ளமான மைதானங்களை முதலில் கோடு போட்டு அடியுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஆட வேண்டிய போட்டிகளை அடுத்து அடியுங்கள். நண்பர்களுக்காகத் தட்ட முடியாமல் போகும் ஆட்டங்களை அடிக்கத்தான் மனசு வராது. அவற்றுக்குப் போங்கள், மட்டையில்லாமல் போங்கள். எனக்கு மிஞ்சியது பதினேழு நாள். அந்தப் பதினேழில் ஒன்றைக்கூட நான் கடமைக்கு ஆடவில்லை.

நம் ஊர்க் கிளப்புகளில் மைதானத்துக்குள் ஓடும் கார்ட் வண்டி இருந்தால் தயங்காமல் ஏறிக்கொள்ளுங்கள். பெரிய தொழில்முறைப் போட்டிகளில் அந்த வசதி இல்லை, நடந்தே தீர வேண்டும். டைகர் உட்ஸுக்கு 2021 பிப்ரவரியில் கார் விபத்தில் வலது கால் எலும்புகள் நொறுங்கின. 14 மாதத்தில் மாஸ்டர்ஸுக்குத் திரும்பி 47ஆம் இடத்தில் முடித்தார். அகஸ்டாவின் ஏற்ற இறக்கங்களில் அவர் நொண்டியபடி நடந்ததைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும், பந்தை அடிப்பது அவருக்குப் பிரச்சினையாக இல்லை. அடுத்த பந்துவரை நடப்பதுதான். அவரும் அதன்பின் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் போட்டிகளோடு நிறுத்திக்கொண்டார்.

ஹோகனிடம் எடுத்துக்கொள்ளக் கூடாதது

1950 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஓபனில் அவர் திரும்பி வந்தார். ரிவியேரா மைதானத்தில் நான்கு சுற்றுகளில் 73, 69, 69, 69 அடிகள் (கோல்ஃபில் குறைவாக அடித்தவரே முன்னால்). சக வீரர் சாம் ஸ்னீடோடு சமம். பிளே-ஆஃபில் தோற்றார். ஜூனில் பென்சில்வேனியாவின் மெரியன் மைதானத்தில் யு.எஸ். ஓபன். வியாழன் 18 ஹோல், வெள்ளி 18, சனிக்கிழமை ஒரே நாளில் 36. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் அவர் கால்கள் இறுகி, நிற்பதே பாடாகிவிட்டது. கடைசி ஹோல்களில் முன்னிலை கரைந்தது. கடைசி ஹோலில் பார் (அந்த ஹோலுக்கென்று வகுத்த அடி எண்ணிக்கை) எடுத்தால்தான் பிளே-ஆஃப். 1-அயர்னால் கிரீனில் ஏற்றினார், இரண்டு பட்டில் முடித்தார். அந்த அடியைப் பின்னாலிருந்து எடுத்த ஹை பெஸ்கினின் புகைப்படம் கோல்ஃப் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். மறுநாள் இன்னும் 18 ஹோல் ஆடி 69 அடித்தார். அவரோடு பிளே-ஆஃபில் மோதிய லாயிட் மாங்ரம் 73, ஜார்ஜ் ஃபேசியோ 75. விபத்து நடந்து 16 மாதம்.

எனக்கு அந்தப் புகைப்படம் உயிர். என் மேசைமேல் இருக்கிறது. ஆனால் அந்தச் சனிக்கிழமையை நீங்கள் பின்பற்ற வேண்டாம். நான் பின்பற்றினேன். திரும்பி வந்த ஆறாவது ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஹோலில் கணுக்கால் இறுக ஆரம்பித்தது. என் மட்டைப் பையைத் தூக்கி வரும் கேடி, அறுபது வயதைத் தாண்டியவர், பையைக் கீழே வைத்துவிட்டு, "போதுங்க சார், நாளைக்கும் கால் வேணுமுங்க" என்றார். நான் கேட்கவில்லை. 18ஐயும் முடித்தேன். அதன்பின் மூன்று வாரம் கைத்தடி இல்லாமல் நடக்க முடியவில்லை. ஹோகனுக்கு முன்னால் யு.எஸ். ஓபன் இருந்தது, அது அவர் தொழில். அதற்காகத்தான் மற்ற நாட்களை எல்லாம் அவர் சேமித்து வைத்திருந்தார். என் முன்னால் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஆகவே நிறுத்தும் ஹோலை வீட்டிலேயே முடிவு செய்து, கேடியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதியில் முடிவெடுக்கும் வேலையை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்ட நாள் காலை

ஹோகன் ஆட்ட நாளில் சீக்கிரமே எழுந்து, எப்சம் உப்புப் போட்ட வெந்நீர்த் தொட்டியில் நீண்ட நேரம் கால்களை ஊறவைப்பார். பிறகு கணுக்காலிலிருந்து தொடைவரை எலாஸ்டிக் பட்டை சுற்றுவார். இது பழக்கமாகி, ஒவ்வொரு ஆட்ட நாளும் நடந்தது.

எப்சம் உப்பு என்றால் நம் மருந்துக்கடையில் பேதி உப்பு என்று கேட்டாலே கொடுப்பார்கள். தொட்டி வேண்டாம், முழங்கால்வரை நனையும் ஒரு பெரிய வாளி போதும். வெதுவெதுப்புக்கு மேல் சூடு கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள், ரத்தக்கட்டி வந்தவர்கள், புண் ஆறாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெந்நீரிலும் கால் வைக்கக் கூடாது, பட்டையும் சுற்றக் கூடாது.

காலை நன்றாகத் துடைத்துவிட்டுக் கட்டிலில் பத்து நிமிடம் உயர்த்தி வையுங்கள். வீக்கம் இறங்கியிருக்கும்போதுதான் பட்டை சுற்ற வேண்டும். ஆறு அங்குல க்ரேப் பேண்டேஜ் பெரிய காலுக்கு, நான்கு அங்குலம் ஒல்லியான காலுக்கு. விரல்களுக்குக் கீழே தொடங்கி, பாதத்தில் இரண்டு சுற்று, கணுக்காலில் எட்டு வடிவில் குறுக்காக ஒரு தடவை, அப்புறம் மேலே. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். கீழே கொஞ்சம் இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக. மேலே இறுக்கினால் ரத்தம் கீழேயே தேங்கும், எதற்காகச் சுற்றினோமோ அதற்கு நேர் எதிராகிவிடும். நான் முழங்காலுக்குக் கீழேயே நிறுத்திவிடுவேன். சுற்றி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றாலோ விரல் மரத்தாலோ அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள்.

ஒன்பதாவது ஹோல் முடிந்ததும் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி ஒரு முறை பாருங்கள். மடக்கு நாற்காலி ஒன்றைக் கேடியிடம் கொடுத்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கழற்றி அன்றிரவே லேசான சோப்பு நீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி ஒற்றி எடுத்து, நிழலில் தட்டையாகக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டாலோ வெயிலில் போட்டாலோ இழுவை போய்விடும். காய்ந்தபின் இறுக்கமில்லாமல் சுருட்டி வைத்தால், அடுத்த ஆட்டத்தின் காலையில் அவசரமில்லாமல் சுற்றலாம்.